ஈட்டி இறங்கும் வரை

முதலில் சத்தம்தான் வந்தது. நான் ஓடுபாதைக்கு மேற்கே சிவப்புக் கொடியோடு நின்றிருந்தேன். எதிரே பனங்காட்டுக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்த சூரியன் நேராக என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதால், சீனியம்மாள் ஓடி வந்ததையோ, காலுக்குக் குறுக்கே கால் போட்டுக் குறுக்கடி வைத்ததையோ, இடது காலைத் தூண் மாதிரி ஊன்றி வலது கையை விட்டதையோ நான் பார்க்கவில்லை. காதில் மட்டும் ஒரு ரீங்காரம் எழுந்தது. ஈட்டி தப்பாகப் போனால் அதன் உடம்பு நடுங்கும், சத்தம் காற்றில் அடிபடும் பழந்துணி மாதிரி படபடக்கும். சரியாகப் போனால் ஒரே சுருதி, மில்லில் நூல் சுற்றுகிற ஆயிரம் கதிர்கள் பிசகாமல் சுழலும்போது வருகிற அதே சுருதி. பத்தொன்பது வருஷமாக ராத்திரி ஷிப்டில் அந்தச் சுருதிக்குள் நின்று வேலை பார்த்தவனுக்கு, அது சரியான எறி என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. அடுத்து, தரையில் முனை குத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கையால் வெயிலை மறைத்து நிமிர்ந்தால், ஈட்டி ஒரு தென்னை உயரத்தில், முனை சற்றே மேல்நோக்கி, நின்றுகொண்டிருந்தது என்று சொல்ல முடியாது, போய்க்கொண்டிருந்தது, ஈரச் சுவரில் நத்தை போகிற வேகத்தில்.

"ஏட்டி சீனி, அசையாத!" ஓடுபாதையின் கோட்டருகே நின்ற ரெஜினா கத்தினாள். "பாதைய விட்டு வெளிய வந்துராத! இன்னும் இறங்கல!"

சீனியம்மாள் எறிந்த கை இறங்காமல், எறிகிறவர் தாண்டக் கூடாத வளைவுக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே ஒற்றைக் காலில் தடுமாறி, மறு காலை ஊன்றி நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். "அது எப்ப இறங்கும்?" என்று கேட்டாள், தாமதமாக வரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிற குரலில்.

இந்தக் கதையைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, அது எப்படி அந்தரத்தில் நின்றது என்பதைத்தான். எங்கள் செவல்மேட்டில் அந்தக் கேள்வியை இரண்டு நாள் கேட்டோம், மூன்றாம் நாள் விட்டுவிட்டோம், ஏனென்றால் அதைவிட அவசரமான கேள்விகள் நிறைய இருந்தன: ஆடுகள் இனி எங்கே மேய்வது, பையன்கள் எங்கே கிரிக்கெட் ஆடுவது, சீனியம்மாள் எங்கே குளிப்பது.

சீனியம்மாளும் ரெஜினாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, இப்போது ஒரே மில். பன்னிரண்டாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம், சீனி ஒரு எறி எறிந்தாள். அது போய்க் குத்திய தூரத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ரெஜினா, யாரும் கூப்பிடாமலே, எடுத்துவர ஓடினாள். மண்ணில் முனை குத்தி நிற்கிற ஈட்டியின் வால், ஓடி வருகிறவள் முகத்துக்கு நேராகச் சாய்ந்து நிற்கும் என்பதை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தந்திருக்கவில்லை. கால் இடறியது. இடது கண் போனது. அந்த எறியை யாரும் அளக்கவுமில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் சீனியம்மாள் ஒரு கல்லைக்கூட வீசியதில்லை. மாங்காய் அடித்துத் தரச்சொல்லிப் பிள்ளைகள் கேட்டால்கூட, தொரட்டி எடுத்துக்கொண்டு வா என்றுதான் சொல்வாள்.

ஒருநாள் காலை, ராத்திரி ஷிப்ட் விடுகிற நேரத்தில், ரெஜினா மில் வாசலில் ஒரு ஈட்டியோடு நின்றாள். ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது, சாக்கில் சுற்றியிருந்தது.

"சீனியோட கடைசி எறி எதுன்னு ஊர்ல கேட்டா, என் கண்ணத்தான காட்டுவாங்க," என்றாள். "எனக்கு அது பிடிக்கல. நீ இன்னொண்ணு எறி."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? நாப்பது வயசுல?"

"நாப்பது வயசுக்கு மேலதான் மூத்தோர் போட்டின்னு தனியா வச்சிருக்கான். ஆனா இந்தவாட்டி கண்ட மாதிரி எறியப்படாது. படிச்சிட்டு எறிவோம்."

படிப்பதற்கு என்னைப் பிடித்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் மெஷின் ஓடும்போது தூங்கிவிடாமல் இருக்கப் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். அதில் அட்டையில்லாத தடகளப் பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. காலை ஏழரை மணிக்கு, வறண்டு கிடந்த கண்மாயின் தென்மேட்டில், நான் வாசிப்பேன், ரெஜினா திருத்துவாள், சீனியம்மாள் செய்வாள். முதல் மூன்று மாதம் ஈட்டியைத் தொட ரெஜினா விடவில்லை. தோளைச் சுழற்று, இடுப்பைத் திருப்பு, மணல் அடைத்த பந்தை இரண்டு கையாலும் தலைக்குப் பின்னாலிருந்து எறி, உடம்பு சூடாகாமல் ஒரு எறிகூடக் கிடையாது. பிறகு நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி மண்ணைக் குத்துகிற எறி, பிறகு மூன்று அடி நடந்து, பிறகு ஐந்து, பிறகு குறுக்கடி, இடுப்பு முன்னே போக, கை பின்னே தங்க, அவசரப்படுகிற கையை அவசரப்படாத கால் இழுத்துப் பிடிக்க. முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் அந்த எறி கணக்கில் சேராது, ஏனென்றால் முழங்கை இறங்கினால் போவது ஈட்டியல்ல, முழங்கைதான். "கையால எறியாதட்டி, கால்லருந்து எறி," என்று ரெஜினா சொல்லிச்சொல்லி, ஒன்றரை வருஷத்தில் அது எங்கள் மூவருக்கும் தூக்கத்தில்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டது.

மேட்டோரமிருந்த பம்ப்செட் அறைச் சுவரில் ரெஜினா நீலப் பெயிண்டில் எழுதினாள். சிவப்புக் கொடி இருந்தால் களத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஈட்டி இறங்கும் வரை எறிந்தவர் பாதையை விட்டு வெளியே வரக் கூடாது, இறங்கிய பிறகும் முன்னால் வளைவைத் தாண்டாமல் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். வெள்ளைக் கொடி வந்த பிறகுதான் எடுக்கப் போக வேண்டும், போவது என்றால் நடப்பது, ஓடுவது அல்ல. ஈட்டியைப் பக்கவாட்டிலிருந்து நெருங்கி, வால் நுனியை ஒரு கையால் மூடி, மறு கையால் பிடுங்க வேண்டும். கடைசி வரியை மட்டும் மற்றதைவிடப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

ஒவ்வொரு நாளும் ஆறு எறி முடிந்ததும், ரெஜினா அந்த அறையின் படியில் உட்கார்ந்து மில்லின் கழிவுப் பஞ்சால் ஈட்டியை முனையிலிருந்து வால்வரை துடைப்பாள். அது மட்டும் அவள் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

இப்போது துடைக்க ஈட்டி இல்லை. அது மேலே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் முளைக்குச்சி அடித்துப் பார்த்ததில் ஒரு நாளைக்கு அரைச் சாண் போவதாகத் தெரிந்தது.

ஈட்டி விழுகிற களம் என்பது விசிறி மாதிரி விரிவது. பத்து மீட்டர் தள்ளிப் போனால் ஐந்து மீட்டர் அகலம், நூறு போனால் ஐம்பது. எங்கே போய் இறங்கும் என்று யாருக்கும் தெரியாததால், முன்னூறு மீட்டர் தள்ளியிருந்த கண்மாய்க் கரை வரைக்கும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இழுத்தோம், அங்கே அகலம் நூற்றைம்பது வந்தது, அதற்குள் கிரிக்கெட் ஸ்டம்பும், ஆட்டுப் பாதையும், மில்லுக்குப் போகிற குறுக்கு வழியும், காளியம்மன் கோயிலிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற வண்டித் தடமும் மாட்டிக்கொண்டன. முதல் வாரம் ஊர் முணுமுணுத்தது. இரண்டாம் வாரம் சுற்றிப் போனது. மூன்றாம் வாரம், கோட்டுக்கு வந்ததும் ஆடுகளே திரும்பத் தொடங்கின. ஒரு மாதத்தில் பிள்ளைகள் நடைபழகும்போதே அந்தக் கோட்டில் நிற்கக் கற்றுக்கொண்டன. வீட்டுத் தரையில் யாராவது சாக்பீஸால் ஒரு கோடு போட்டால், தவழ்கிற குழந்தை அதனருகே வந்து உட்கார்ந்து, கூரையைப் பார்க்கும்.

சீனியம்மாள் ஓடுபாதையில் குடியிருந்தாள். நாலு மீட்டர் அகலம், முப்பது மீட்டர் நீளம். பின்கோடியில் ஓலைத் தட்டி கட்டிக் குளியலறையும் மற்றதும் அமைத்தோம், நடுவில் கட்டில், முன்னால் வளைவுக் கோட்டருகே ஒரு மண்பானை. மில்லில் முதலில் முறைத்தார்கள்; பிறகு மேஸ்திரி நேரில் வந்து, அண்ணாந்து பார்த்து, தலையைச் சொறிந்து, கழிவு பிரிக்கிற வேலையை மூட்டை மூட்டையாக அங்கேயே அனுப்ப ஏற்பாடு செய்தார். ரேஷன் கடைக்காரர் விரல் ரேகை மெஷினைக் கோட்டுக்கு வெளியே நின்று நீட்டினார். அவள் புருஷன் முத்துக்குட்டி மூன்று வேளையும் தூக்குச்சட்டியோடு வந்து, "கல்யாணமாகி பதினெட்டு வருசத்துல இப்பத்தான் இவ எங்க இருக்கான்னு நான் தேடாம இருக்கேன்," என்று எல்லாரிடமும் சொன்னார். ஆனால் மழைத்தூறல் விழுந்த அன்று, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குடையை முழுக்க அந்தப் பக்கம் நீட்டி, அவர் நனைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மாவட்டத் தடகளத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார், ஈட்டியைப் பார்த்தார், பாதையைச் சுற்றி நடந்தார். "பொம்பள பாதைக்குள்ள இருக்கு, ஈட்டி காத்துல இருக்கு," என்றார் கடைசியில். "இதுல தப்பு ஒண்ணுமில்ல. எறி இன்னும் முடியல, அவ்வளவுதான்." போகும்போது கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதுதான் சீனியம்மாளை அரித்தது. எறி முடியவில்லை என்றால் அது இன்னும் எறியே இல்லை. ஒரு அடி வெளியே வைத்தால் செல்லாது. இறங்காமலே போனாலும் செல்லாது. அப்படிப் போனால், ஊர் பார்க்காத பயிற்சி எறிகளை விட்டால், கடைசி எறி என்பது பழையதுதான், இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தினது, ரெஜினாவின் முகத்தில் இருப்பது. "இது இறங்கணும் அண்ணாச்சி," என்று பஞ்சைப் பிரித்தபடி ஒருநாள் என்னிடம் சொன்னாள். "ரெண்டு அடி தூரத்துல இறங்கினாக்கூடப் போதும். இறங்கணும்."

வைகாசியில் அம்மன் கொடை விழா வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டியன் வெள்ளைச் சட்டையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே நின்றார்.

"ரெஜினாம்மா, கரண்டு ஆபீஸ்ல ஏணி வண்டி இருக்கு. ஒரு ஆள் ஏறி, மெதுவா கையில புடிச்சு இறக்கிரலாம். சப்பரம் வர்ற பாதைல்லா இது."

"கையால இறக்கினா அது எறி இல்ல தலைவரே, பறிக்கிறது."

"சரி, அப்ப சப்பரத்தக் கொஞ்சம் வெரசா தூக்கிட்டுப் போயிருவோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் போக ஒரு நிமிசம் ஆவுமா?"

"எனக்கு ஒரு நொடிகூட ஆகல," என்றாள் ரெஜினா.

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோயிலிலிருந்து கடைத்தெருவுக்கு வண்டித் தடத்தை விட்டால் இன்னொரு வழிதான் உண்டு, அது சீனியம்மாள் குடியிருந்த காலனித் தெரு. அந்தத் தெருவுக்குள் சப்பரம் ஒருநாளும் போனதில்லை. ஏன் போனதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கூட்டம் போட்டார்கள், பேசினார்கள், எதுவும் முடிவாகவில்லை, கொடையன்று சாயங்காலம் முடிவில்லாமலே சப்பரம் கிளம்பிவிட்டது. தூக்கியவர்களில் பாதிப்பேர் எங்கள் ஷிப்ட்காரர்கள். வண்டித் தடத்தில் இறங்கி, மேளம் முன்னே போக, வேர்த்து விறுவிறுத்து வந்தவர்கள், சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்ததும் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக அந்த இடத்தில் நின்று பழகிய கால்கள் அவை. அம்மன் ஒரு கணம் ஆடி நின்றாள். பிறகு முன்தண்டு வலப்பக்கம் திரும்பியது, பின்தண்டு வேறு வழியில்லாமல் கூடவே திரும்பியது, மேளக்காரர்கள் ஓடிப்போய் முன்னால் சேர்ந்துகொண்டார்கள்.

ஓடுபாதையில் நின்ற சீனியம்மாளுக்கு அவளுடைய தெருவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளுக்கு மேலே டியூப்லைட் வெளிச்சம் மெல்ல நகர்வது தெரிந்தது. அது நின்று நின்று போனது. ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவள் கோட்டின் உள்விளிம்பு வரை வந்து, கால்விரல்களை மடக்கி நின்றாள்.

"போணும்னா போ," என்றாள் ரெஜினா. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இங்கருந்தே தெரியுது," என்றாள் சீனியம்மாள். தன் வீட்டு வாசலில் வெளிச்சம் நின்றபோது கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கடுத்த வருஷம் வண்டித் தடம் திறந்துதான் கிடந்தது. தூக்கியவர்கள் அதே இடத்தில் வந்து வலப்பக்கம்தான் திரும்பினார்கள், கேட்டதற்கு, கால் பழகிப்போச்சு என்றார்கள்.

ஆனி போனது, ஆடிக் காற்று வந்தது. காற்றில் தகரம் பறந்தது, ஓலைத் தட்டி பறந்தது, ஈட்டி மட்டும் சுருதி பிசகாமல் தன் அரைச் சாணைப் போனது. ஆவணி பதினொன்றாம் தேதி காலை அதன் முனை கீழே கவிழ்ந்தது. முனை முன்னே இறங்கினால்தான் எறி செல்லும், வால் முன்னே விழுந்தால் செல்லாது என்பது அப்போது ஊரில் இட்லிக் கடைக்காரருக்கும் தெரியும் என்பதால், அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு ஜனங்கள் போன் போட்டு, எங்க ஈட்டி முனை திருப்பிட்டு என்று சொன்னார்கள். எங்க ஈட்டி. அந்தச் சொல் எப்போது வந்தது என்று நான் கவனிக்கவில்லை. செவல்மேடு என்றால் மில் இருக்கிற ஊர் என்பது போய், யாரும் கோடு தாண்டாத ஊர் என்று பக்கத்து ஊர்களில் பேச்சு வந்தது. எங்கள் ஆட்கள் பஸ்ஸில் ஏறும்போதுகூட வரிசையில் நின்றார்கள், நின்றுவிட்டு, மற்றவர்களைக் கொஞ்சம் திமிரோடு பார்த்தார்கள்.

புரட்டாசியில் ஒருநாள், கோட்டுக்கு உள்ளே ஒருத்தியும் வெளியே ஒருத்தியும் உட்கார்ந்து பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார்கள். துடைக்க ஈட்டியில்லாத கையோடு ரெஜினா அந்த மாதங்களில் கொடிக்கம்பம், டம்ளர், கட்டில் கால் என்று எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள்.

"அன்னைக்கு நான் ஏன் ஓடினேன்னு நீ ஒருநாளும் கேட்டதில்ல," என்றாள்.

சீனியம்மாள் கை நின்றது. "ஏன் ஓடின?"

"அவ்வளவு தூரம்டி அது. யாரும் பாக்கறதுக்கு முன்ன நான் போய் பக்கத்துல நிக்கணும்னு. நான்தான் எறிஞ்ச மாதிரி."

சீனியம்மாள் கையிலிருந்த பஞ்சை மடியில் வைத்தாள். "உனக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள்.

"கோவம் இருந்துச்சு. பெருமையும் இருந்துச்சு. ரெண்டையும் வச்சிட்டு என்ன செய்யன்னு தெரியல. அதான் இத வாங்கிட்டு வந்தேன்." களத்துக்கு மேலே கையைக் காட்டினாள்.

ஐப்பசி பிறந்ததும் மலையில் மழை பிடித்தது. கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாயின் ஷட்டரில் முட்டி நின்றது. திறந்தால் கண்மாய் நிறையும். முதலில் கரையடிப் பள்ளம், பிறகு மெல்ல மெல்லக் களம், கடைசியில் தென்மேட்டு ஓடுபாதை. திறக்காவிட்டால் வயல்களில் நாற்று காயும். ஈட்டி அப்போது ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது, முப்பத்தாறு மீட்டர் முளைக்குச்சியைச் சற்றே தாண்டி.

மடைக்காரர் உலகநாதன் சாவியோடு ஓடுபாதைக்கு வந்தார், பின்னால் வயல் வைத்திருக்கிற சம்சாரிகள் பத்துப் பேர். "பேசிட்டோம்," என்றார். "பத்து நாள் பொறுத்துத் தெறக்கோம். ஊரு ஈட்டில்லா."

"நாத்து பத்து நாள் தாங்குமா?" சீனியம்மாள் கேட்டாள்.

உலகநாதன் சாவியைக் கை மாற்றினார். "தாங்காது."

"பெறகு என்ன பேச்சு? தெறங்க. தண்ணி வந்தா நின்னுக்கிடுதேன். பாதைய விட்டுப் போகக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. நனையக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

திறந்தார்கள். முதல் நாள் கரையடி நிறைந்தது. இரண்டாம் நாள் வண்டித் தடம் போனது. மூன்றாம் நாள் கிரிக்கெட் ஸ்டம்பின் தலை மட்டும் தெரிந்தது. நாலாம் நாள் காலை நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது, தண்ணீரின் விளிம்பு நாற்பது மீட்டர் முளையைத் தாண்டி, நுரையும் சருகுமாக, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க இரண்டு பக்கக் கோடுகளிலும் நின்றது. ஈட்டியின் நிழலும் தண்ணீரின் விளிம்பும் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன.

முதலில் சத்தம் நின்றது. ஏழு மாதமாக எங்கள் சமையலுக்கும் சண்டைக்கும் தூக்கத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ரீங்காரம் சட்டென்று நின்றதும், எல்லாருக்கும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்து, தச் என்று ஒரு சத்தம். ஈரமண்ணில் முனை குத்தி, ஈட்டி வாலை எங்கள் பக்கம் சாய்த்து, அதிர்ந்துகொண்டு நின்றது. தண்ணீர் அதற்கு மூன்று அடி அப்பால் இருந்தது.

ஊர் பாயப் போனது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முன்னே சாய்ந்தார்கள். தண்ணீர் தொட்டுவிட்டால் முனை குத்திய தடம் கரைந்துவிடும், தடம் கரைந்தால் அளக்க ஏதுமில்லை. சீனியம்மாளும் ஓடத்தான் போனாள். அவள் வலது கால் எழும்பி வளைவுக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது.

"யாரும் ஓடப்படாது!"

ரெஜினாவின் குரல் அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. என் கையில் கொடி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. கோட்டில் ஆயிரம் பேரும் நின்றார்கள், ஏழு மாதமாக நின்று பழகிய அதே இடத்தில், ஒரு கட்டைவிரல்கூட அந்தப் பக்கம் போகாமல். சீனியம்மாளின் கால் காற்றில் அப்படியே இருந்தது. பிறகு அவள் அதை மெதுவாகப் பின்னால் எடுத்தாள், திரும்பினாள், முழுப் பாதையையும் பின்னோக்கி நடந்து, பானையைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, பின்கோடியில் பக்கக் கோட்டைக் கடந்து, ஏழு மாதத்தில் முதல் தடவையாக வெளியே கால் வைத்தாள். அதற்குள் தண்ணீர் ஒரு அடி வந்துவிட்டது.

சாப்பாட்டுப் பையில் ஏழு மாதமாக மடித்து வைத்திருந்த வெள்ளைக் கொடியை எடுத்தேன். எலுமிச்சைச் சாத வாசம் வந்தது. தூக்கிப் பிடித்தேன்.

ரெஜினா நடந்தாள். பக்கத்தில் சீனியம்மாள் நடந்தாள், டேப்போடு நான் நடந்தேன்.

"தண்ணி வருதுக்கா!" கோட்டிலிருந்து ஒரு பெண் அழுகிற குரலில் கத்தினாள். "கொஞ்சம் வெரசா!"

"வரட்டும்," என்றாள் ரெஜினா.

முப்பத்தாறு மீட்டர் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி, மில்லில் ஈரத் தரையில் நடக்கிற மாதிரி, பாதம் முழுக்க ஊன்றி. அவள் நேராகப் போகவில்லை. பார்வையுள்ள வலது கண்ணுக்கு வால் தெரிகிற மாதிரி இடப்பக்கமாகச் சுற்றிப் போனாள். ஈட்டியின் பக்கவாட்டில் நின்றாள். தண்ணீர் அவள் கால்விரலைத் தொட்டது. இடது கையை உயர்த்தி, வால் நுனியை உள்ளங்கையால் மூடினாள், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் மூடியிருக்க வேண்டியதை. ஒரு மூச்சு அப்படியே நின்றாள். பிறகு வலது கையால் கயிற்றுப் பிடியைப் பற்றி, வந்த வழியே நேராகப் பிடுங்கினாள்.

நான் மண்டியிட்டு டேப்பின் நுனியை முனை குத்திய குழிக்குள் வைத்து விரலால் அழுத்திக்கொண்டேன். தண்ணீர் குழியை மூடி, என் மணிக்கட்டை மூடியது, விரலை எடுக்கவில்லை. சீனியம்மாள் டேப்பை இழுத்துக்கொண்டு, நடந்துதான், வளைவுக்குப் பின்னாலுள்ள நடுப்புள்ளிக்குப் போனாள். கூடவே போன ரெஜினா வளைவின் உள்விளிம்பில் குனிந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, இரண்டு தடவை பார்த்தாள்.

"முப்பத்தாறு மீட்டர் எழுவத்திரெண்டு," என்றாள்.

அந்த எண் பெரிதா சிறிதா என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனாலும் கூச்சல் எழுந்து பனங்காட்டுப் பறவைகளெல்லாம் கிளம்பின. தலைவர் தன் வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு யாரையோ கட்டிக்கொண்டு அழுதார், முத்துக்குட்டி வருகிறவன் போகிறவனிடமெல்லாம், எழுவத்திரெண்ட விட்டுராதீங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க என்று திருத்திக்கொண்டிருந்தார். என் விரலடியில் குழி கரைந்து தரையோடு தரையானது. அதனால் இப்போது ஒன்றுமில்லை; தூரத்தை அளந்தாகிவிட்டது.

சீனியம்மாள் டேப்பின் மறுமுனையை விடாமல் பிடித்திருந்தாள். "அன்னைக்கு எறிஞ்சது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

"இதுதான் கூட," என்றாள் ரெஜினா.

"பொய் சொல்லுத."

"நான்தான பாத்தேன். வேற யாரு பாத்தா?"

சீனியம்மாள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறெதுவோ ஆகி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தண்ணீர் ஓடுபாதையின் முன்கோட்டை நக்கத் தொடங்கியது. நான் டேப்பை ஈரத்துணியால் வழித்து வழித்துச் சுற்றினேன். ரெஜினா பம்ப்செட் அறையின் படியில் போய் உட்கார்ந்து, ஈட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். சீனியம்மாள் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து ஒரு பிடி கழிவுப் பஞ்சை எடுத்து நீட்டினாள். ரெஜினா வாங்கி, முனையிலிருந்த சேற்றை முதலில் துடைத்தாள், பிறகு கயிற்றுப் பிடியை, பிறகு அங்கிருந்து வால்வரை.